பேத்தா காட்டில் ஏழு சுருக்குகள்

காலை 6.40க்கு, பயணத்துக்குப் பேசியிருந்த ஓட்டுநர் காதர் நானாவின் ஃபோர் வீல் வண்டி குளுவாங்கில் என் வீட்டு வாசலுக்கு வந்தது. முந்தின நாளே பாலோவிலிருந்து வந்து தங்கியிருந்த அண்ணன், ஐந்து மணிக்கே எழுந்து சப்பாத்து நாடாவை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டிவிட்டுக் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர், “எங்க இவ்ளோ காலையில?” என்று கேட்டார். “புலி பார்க்க,” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே நாயை இழுத்துக்கொண்டு போனார்.

செனாய் பக்கம் ஒரு மின்பொருள் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் தரப் பரிசோதனை பார்த்தவள் நான். ஓய்வு பெற்றதும் பகலெல்லாம் கைப்பேசியில் வீடியோ பார்க்கும் பழக்கம் வந்தது. இந்தியாவில் திறந்த ஜீப்பில் போகிறார்கள். ஒரு தாய்ப்புலி குட்டிகளோடு சாவகாசமாகப் பாதையைக் கடக்கிறது. ஜீப்பில் இருப்பவர்கள் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். நம் ஜொகூரிலும் புலிக் காடு இருக்கிறதே, வீட்டிலிருந்து மூன்று மணி நேரம்தானே என்று ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் திட்டம் எழுத ஆரம்பித்தேன். ஜீப். காலைச் சுற்று. மாலைச் சுற்று. கேமரா. அதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

குளுவாங்கில் சுற்றுலா ஏற்பாடு செய்யும் மிஸ் லிம் என்ற பெண்ணைக் கூப்பிட்டேன். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினார்.

“ஜீப்பெல்லாம் இல்ல மேடம். நடக்கணும். அட்டை கடிக்கும். பரவாயில்லையா?”

“புலி தெரியுமா?”

“பதினாறு வருஷமா ஆள் அனுப்புறேன். ஒருத்தர்கூடப் பார்த்ததில்ல. புலி அவங்களப் பார்த்திருக்கும் லா.”

எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனால் அவர் சொல்லச் சொல்ல வேறொரு ஆசை வந்தது. எண்டாவ் ரொம்பின் காட்டின் ஜொகூர்ப் பக்க வாசல் கம்போங் பேத்தா, அதாவது பேத்தா கம்பம் என்ற கிராமம். அங்கே ஜாக்குன் பூர்வகுடி மக்கள் இருக்கிறார்கள். வழிகாட்டி அவர்களில் ஒருவர்தான். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் காட்டை மூடிவிடுவார்கள். மழை விட்டு ஆறு தெளிந்த பிறகு போவது நல்லது. மூன்று பகல், இரண்டு இரவு. இரண்டு பேருக்கும் வண்டி, படகு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு வெள்ளி. நோட்டில் ஜீப்பை அடித்துவிட்டு ‘அட்டைக் காலுறை இரண்டு ஜோடி’ என்று எழுதினேன்.

துணைக்கு யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தபோது அண்ணன் என் கணக்கிலேயே இல்லை. அவருக்கு அறுபத்தைந்து வயது. பாலோ பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டிப் பால் எடுத்து, பிறகு செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்ந்தவர். காட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். போனில் பேச்சுவாக்கில் சொன்னேன். எந்தத் தேதி என்று கேட்டார். பிறகு, “நானும் வரேன் ஈசு,” என்றார்.

அண்ணி போனைப் பிடுங்கினார். “முட்டி வலின்னு கோயில் படியே ஏற மாட்டாரு. காட்டுக்குப் போறாராம்!”

ஆனால் மறுநாளிலிருந்து அண்ணன் பாலோ திடலைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். முதல் வாரம் இரண்டு சுற்று. ஆறாவது வாரம் பதினான்கு. அண்ணிதான் தினமும் எனக்கு எண்ணிச் சொன்னார், கேலியும் பெருமையுமாக.

காலை 7.30. காஹாங். வழியில் கடைசிப் பெட்ரோல் நிலையமும் கடைசி ரொட்டி சானாயும் இங்கேதான். பசியாறிவிட்டுக் கிளம்பும்போது காதர் நானா, “அக்கா, போன் பேசணும்னா இப்பவே பேசிக்குங்க,” என்றார். இங்கிருந்து பேத்தாவுக்கு ஐம்பத்தாறு கிலோமீட்டர். தார் ரோடு சீக்கிரமே முடிந்துபோகிறது. முதலில் வரிசை பிசகாத செம்பனை, பிறகு செம்மண் பாதை, பலகைப் பாலங்கள், பள்ளத்தில் தேங்கிய குழம்புத் தண்ணீர். ஒரு வளைவில் வண்டியை மெதுவாக்கிப் பாதையோரம் கையைக் காட்டினார். பெரிய பெரிய உருண்டைகள், இன்னும் ஆவி அடங்காத யானைச் சாணம்.

“நானா, நீங்க புலியப் பார்த்திருக்கீங்களா?”

“எங்கக்கா! நம்மது மெர்சிங், கடலோரம். அத்தா சாப்பாட்டுக் கடை வச்சிருந்தாரு. எனக்கு மீன் நாத்தம் ஒத்துக்கல, காட்டுக்கு வந்துட்டேன். யானை பார்த்தாச்சு, கரடி பார்த்தாச்சு. இது மட்டும் மாட்டல.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒரு தடவ வாசம் வந்துச்சு. எஞ்சினை நிறுத்தாம வந்துட்டேன்,” என்றார்.

பின் இருக்கையில் அண்ணன் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

10.20க்குப் பேத்தா வந்து சேர்ந்தோம். ஆற்றங்கரையில் மர வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், பூந்தொட்டிகளாக வெட்டிய பழைய டயர்கள். அலுவலகத்தில் பெயர் பதிந்ததும் வழிகாட்டி வந்தார். பெயர் சங்கா. நாற்பது வயது இருக்கும், குள்ளம், ரப்பர் காலணி. என்னை ‘காக்’ என்றும் அண்ணனை ‘பாக்சிக்’ என்றும் கூப்பிட்டார். அவர்கள் வழக்கில் அக்காவும் மாமாவும் போல. அவர் பேசியதெல்லாம் மலாய்தான்.

பிற்பகல் அவருடைய படகில் ஆற்றில் மேலேறினோம். நான் இவ்வளவு வருடம் ஜொகூரில் இருந்தும் இப்படி ஓர் ஆற்றைப் பார்த்ததில்லை. தண்ணீருக்கு அடியில் கிடந்த கூழாங்கற்களின் நிறம்கூடத் தெரிந்தது. இரண்டு கரையிலும் மரங்கள் எழும்பி மேலே ஒன்றோடொன்று கை கோத்திருந்தன. இறங்கி நடந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு விசிறிப் பனைகள். ஓர் இலையை வெட்டினால் ஒரு குடும்பம் மழைக்கு ஒதுங்கலாம். தலைக்கு மேல் இருவாச்சி பறந்தபோது அதன் இறக்கைச் சத்தம், யாரோ பெரிய முறத்தில் புடைப்பதுபோல் கேட்டது. சங்கா நடந்துகொண்டே சொல்லிக்கொண்டு வந்தார்: இந்தக் கீறல் கரடியுடையது, இந்தக் குழி பன்றி நேற்று தோண்டியது, இந்தக் கொடியை வெட்டினால் குடிக்கத் தண்ணீர் வரும். வெட்டியும் காட்டினார். என் காலில் ஏழு அட்டைகள். அண்ணன் காலில் ஒன்றுகூட இல்லை. “ரத்தம் பழசாயிடுச்சு,” என்றார். அன்று அவர் செய்த ஒரே நகைச்சுவை அது.

இரண்டாம் நாள், காலை 7.30. காட்டின் எல்லைக்கு வெளியே, ஒரு காலத்தில் மரம் ஏற்றும் லோரிகள் போன பழைய பாதை ஒன்று இருக்கிறது. புலி, மனிதர்களைப் போலவே, முள்ளில் நடப்பதைவிடப் பாதையில் நடக்க விரும்புமாம். அதனால் அடையாளம் கிடைத்தால் அங்கேதான் கிடைக்கும் என்று சங்கா எங்களை அழைத்துப்போனார். ஒரு பக்கம் காடு, எட்டத்தில் மறுபக்கம் செம்பனை. இரவில் மழை பெய்திருந்தது. வாவா குரங்குகள் எங்கேயோ மேலே கூவிக்கொண்டிருந்தன.

9.50க்குச் சங்கா கையைத் தூக்கினார்.

ஈர மண்ணில் பதிந்திருந்தது. என் உள்ளங்கையைவிடப் பெரிது. நடுவில் அகன்ற பாதம், முன்னால் விரல்கள். நகம் பதியவில்லை. பள்ளத்தில் தண்ணீர் இன்னும் ஊறவில்லை. “விடிஞ்ச பிறகு போயிருக்கு,” என்றார் சங்கா மெல்லிய குரலில். இரண்டு மாதமாக நோட்டில் எழுதிய எதிலும் இந்த இடம் வரவில்லை. ஓர் உயிர், எங்களுக்குச் சற்று முன்னால், இதே மண்ணில், தன் பாட்டுக்கு நடந்து போயிருக்கிறது.

நான் கேமராவை எடுப்பதற்குள் அண்ணன் முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தினார். தடத்தைத் தொடாமல், ஒவ்வொரு விரலுக்கும் மேலே தன் சுட்டுவிரலைக் கொண்டுபோனார்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.”

அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணே, என்ன பண்ணுது? தண்ணி வேணுமா?”

“ஈசு, நம்ம தோட்டத்துல ஒரு புலியச் சுட்டாங்களே. ஞாபகம் இருக்கா?”

இருக்கிறது. எனக்கு அப்போது பதினொரு வயது. ஆபீஸ் முன்னால் தார்ப்பாயில் கிடத்தியிருந்தார்கள். தோட்டமே வரிசையில் நின்று பார்த்தது. நான் அதன் வாலைத் தொட்டேன். அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்தேன். காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு வரவே இல்லை. அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

“அதோட முன்னங்காலைப் பார்த்தியா? விரல் இருந்துச்சா?”

“பார்க்கல.”

“இருந்திருக்காது. ரெண்டு விரல் என்கிட்ட இருந்துச்சு.”

இருபத்திரண்டு வயதில், லயத்துக் குடியிருப்புக்குப் பின்னால் அவர் மரவள்ளி நட்டிருந்தார். பன்றி தினமும் கிளறிப் போட்டது. மோட்டார் சைக்கிள் கிளச் ஒயரில் சுருக்குப் போட்டு வைத்தார். ஒரு நாள் விடியற்காலை போய்ப் பார்த்தபோது அதில் பன்றி இல்லை.

“உறுமவே இல்ல ஈசு. படுத்திருந்துச்சு. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கிட்டு என்னையே பார்த்துச்சு. அவுத்து விடவும் பயம். யார்கிட்டயாச்சும் சொல்லவும் பயம். வாளியத் தூக்கிக்கிட்டு வேலைக்குப் போயிட்டேன். அன்னிக்கு என் நெரையில ஒரு மரம் பாக்கி இல்லாம பால் வெட்டினேன். சாயங்காலம் போனா ஒயரும் ரெண்டு விரலும்தான் கிடந்துச்சு. அங்கேயே புதைச்சேன்.”

நொண்டிப் புலியால் மானை விரட்ட முடியாது. அது லயத்து ஆடுகளுக்கு வந்தது, பிறகு கன்றுக்குட்டிகளுக்கு. ஒரு மாதத்தில் வெளியிலிருந்து துப்பாக்கிக்காரர்கள் வந்தார்கள்.

“அண்ணிக்குத் தெரியுமா?”

“யாருக்கும் தெரியாது.”

தண்ணீர்ப் புட்டியை நீட்டினேன். அவர் அதை வாங்காமல், சங்காவைப் பார்த்து, இவ்வளவு நேரம் தமிழில் சொன்னதை மலாயில் முதலிலிருந்து சொன்னார். எதையும் விடவில்லை. கிளச் ஒயர், மரவள்ளி, பார்த்துவிட்டு வேலைக்குப் போனது எல்லாம்.

சங்கா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நிதானமாக, “தரையிலேர்ந்து எவ்வளவு உயரத்துல போட்டீங்க பாக்சிக்?” என்று கேட்டார். அண்ணன் கையால் காட்டினார். “ஒயர் நுனிய எதுல கட்டினீங்க?” அண்ணன் சொன்னார்.

சங்கா தலையசைத்தார். இந்த எல்லையில் இப்போதும் வைக்கிறார்கள் என்றார். அவருடைய கம்பத்து ஆட்கள் குழுவாக நடந்து தேடி எடுக்கிறார்கள். “மிருகம் எங்க போகும்னு எங்களுக்குத் தெரியும். வைக்கிறவன் என்ன நினைப்பான்னு தெரியாது. நீங்க சொல்லுங்க. இந்த இடத்துல உங்களுக்கு ஒண்ணு வைக்கணும்னா எங்க வைப்பீங்க?”

அண்ணன் எழுந்தார். புலித்தடம் போன திசையைப் பார்த்தார். பிறகு காட்டைப் பார்த்தார். நேற்று படகில் வந்தவரின் பார்வை அல்ல அது. பாதையை விட்டு இறங்கி, ஒரு சிறிய மேட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நின்றார். ஓர் இளமரம் பென்சில் சீவியதுபோல் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. பத்தடி தள்ளி இன்னொன்று, அதே உயரத்தில்.

“கத்திக்காரன் ஒரே ஆளு. வலது கைக்காரன்,” என்றார்.

11.20க்கு முதலாவது கிடைத்தது. எனக்குக் காட்டிய பிறகும் தெரியவில்லை. குச்சிகளை நெருக்கமாகச் சாய்த்து முழங்கால் உயரத்துக்கு ஒரு வேலி. அதில் ஓர் இடைவெளி மட்டும், வாசல்போல. வாசலின் தரையில் இலைகளுக்குள் வட்டமாக ஒயர். அதன் மறுமுனை வில்லாக வளைத்த ஒரு மரத்தில். சங்கா முதலில் படம் எடுத்தார், கையடக்கக் கருவியில் இடத்தைக் குறித்தார், பிறகு இருவரும் சேர்ந்து மரத்தைப் பிடித்துத் தளர்த்தி ஒயரை எடுத்தார்கள். வேலி தொடர்ந்து போனது. நாங்களும் போனோம். இரண்டாவது. மூன்றாவது. கைநிறையக் கொண்டுவந்த பிஸ்கட்டை நின்றபடியே தின்றோம். நான்காவதில் காய்ந்துபோன ஒரு பன்றிக் கால் இருந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. ஆறாவது ஒயரை எடுத்தபோது 3.40. சங்கா வானத்தைப் பார்த்து, திரும்பலாம், இருட்டுவதற்குள் கம்பத்துக்குப் போக வேண்டும் என்றார்.

“வேலி இங்க முடியாது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கும்,” என்றார் அண்ணன்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் ஒரு மணி நேரமாக இடது காலை இழுத்துக்கொண்டு நடந்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். “போதும்ண்ணே! ஓடையில வழுக்கி விழுந்தா அண்ணிக்கு யாரு பதில் சொல்றது? நாளைக்கு இவங்க ஆளுங்க வந்து எடுக்க மாட்டாங்களா?”

“நாளைக்கா?” என்றார். அவ்வளவுதான். ஓடையில் இறங்கிவிட்டார்.

அப்போதுதான் கேட்டது. நாய் குரைப்பதுபோல், ஆனால் நாய் இல்லை. ஒரு தரம். இடைவெளி விட்டு இன்னொரு தரம். “கீஜாங்,” என்று சொல்லிக்கொண்டே சங்காவும் தண்ணீருக்குள் குதித்தார். கேளையாடு, சிறிய வகை மான். நான் ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பின்னால் இடுப்பளவுத் தண்ணீரில் கடந்தேன்.

அது பின்னங்காலில் மாட்டியிருந்தது. எங்களைக் கண்டதும் துள்ளித் துள்ளி விழுந்தது. ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒயர் இறுகியது. சங்கா பின்பக்கமாகப் போய் அதன் மேல் விழுந்து அமுக்கினார். அண்ணன் கழுத்திலிருந்த துண்டை எடுத்து அதன் கண்ணை மூடினார். பிறகு மண்டியிட்டார், அந்த முட்டியோடு.

“இரு, இரு. இதோ. இதோ ஆச்சு. இரும்மா,” என்று தமிழில் அதனிடம் பேசிக்கொண்டே முடிச்சை நகத்தால் நெம்பினார். ஒயர் சதையில் புதைந்திருந்தது. மழைத் தண்ணீரும் ரத்தமும் கையில் வழுக்கின. நான் வளைந்த மரத்தை என் முழுப் பாரத்தையும் போட்டு அமுக்கிப் பிடித்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. “விடுங்க,” என்று அண்ணன் கத்தினார். சங்கா கையை எடுத்தார். துண்டு பறந்து விழுந்தது. மான் மூன்று எட்டு நொண்டியது, நான்காவது எட்டில் பாய்ந்தது, இலைகள் மூடிக்கொண்டன.

அண்ணன் முகத்தில் ஓடியது மழைதான் என்று நானும் சங்காவும் வைத்துக்கொண்டோம்.

இறங்கி வரும்போது சங்கா அவருடைய ஒரு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். மறு கையை நான். கம்பத்தை அடைந்தபோது 6.30. சங்காவின் மனைவி மரவள்ளிக்கிழங்கு அவித்து, நெத்திலிச் சம்பலோடு வைத்திருந்தார். அண்ணன் மூன்று தட்டு சாப்பிட்டார்.

மூன்றாம் நாள், காலை 9.00. காதர் நானா எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தார். என் பையை ஏற்றினார். அண்ணன் பை அவருடைய காலடியிலேயே இருந்தது.

“சங்கா ஆளுங்க நாளைலேர்ந்து ஒரு வாரம் அந்த எல்லை முழுக்க நடக்கப் போறாங்களாம். அவங்க தலைவர்கிட்ட கேட்டோம். வரலாம்னு சொல்லிட்டாரு,” என்றார்.

“முட்டி?”

“பாதி தூரம் வண்டியில போவாங்க. நான் நின்னு இடத்தைக் காட்டினாப் போதுமாம். தேடி எடுக்குறது அவங்க.”

நேற்று கத்தியதுபோல் கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும், வலி நிவாரணி மாத்திரை இருந்த டப்பாவையும் மிச்சமிருந்த என் அட்டைக் காலுறையையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். தோட்டத்தில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்த அண்ணனை எனக்கு ஐம்பத்து நான்கு வருடமாகத் தெரியும். அதில் நாற்பத்து மூன்று வருடம் அவர் தனியாக எதைச் சுமந்தார் என்று நேற்றுத்தான் தெரியும். தப்பை மன்னிக்க நான் யார்? ஆனால் ஒரு மனிதர், தன் தப்பில் கற்ற வித்தையை அதே தப்புக்கு எதிராகத் திருப்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இந்தப் பயணத்தில் நான் பார்த்த பெரிய காட்சி அதுதான்.

காஹாங் வந்ததும் அண்ணியைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியவர் அண்ணன்தான் என்பதால் நான் நடந்ததில் கால்வாசியை மட்டும் சொன்னேன். அண்ணி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “சரி, வர்றப்போ ரெண்டு காலோட வரச் சொல்லு,” என்றார்.

குளுவாங்கில் வீட்டுக் கதவைத் திறந்தேன். குழாயில் தண்ணீர் வந்தது, விசிறி சுற்றியது, போனில் எழுபத்திரண்டு செய்திகள். ஐம்பத்தாறு கிலோமீட்டர் செம்மண்ணுக்கு அப்பால் எதுவும் வராமல் எல்லாமே இருக்கும் ஓர் இடம் இருக்கிறது என்பது, சட்டையைத் துவைக்கப் போட்டபோது நம்ப முடியாததாக இருந்தது. அதை நம்பவைக்க என்னிடம் ஒரே ஒரு படம்தான். சேறு, நான்கு விரல். யாரிடம் காட்டினாலும், “புலி எங்கே?” என்கிறார்கள்.

ஏழாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. சாமான் வாங்கக் காஹாங்குக்கு வந்த வண்டியில் அண்ணனும் வந்திருந்தார்.

“ஈசு, மொத நாள் மூணு எடுத்தோம். அடுத்த நாள் ஒண்ணு. அதுக்கு அடுத்த நாள் பழசு ஒண்ணு, துருப்பிடிச்சது.”

“முட்டி எப்படி இருக்கு?”

“அது வலிக்குது. அத விடு. இன்னிக்குக் காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் நடந்தோம். ஓடை ஓரம், மேடு, பள்ளம் எல்லாம் பார்த்தாச்சு. ஒண்ணுமே கிடைக்கல.” லைன் கரகரத்தது, சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன். இல்லை, அவர் சிரித்துக்கொண்டிருந்தார். “கேட்குதா ஈசு? ஒண்ணுகூட இல்ல.”